வெடிக்காத துவக்கும் என் கைத் தழும்பும்

கேப் 'டப்' என்று வெடித்தது. துவக்கு வெடிக்கவில்லை.

என் தங்கை கமலாவின் புருஷன் பழனிவேல், தோளில் இருந்து துவக்கை இறக்கிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா மச்சான், இதத்தான் நான் சொன்னேன்" என்றார். அவரோடு சேர்ந்து துவக்கும் திரும்பியது. குழலின் வாய் என் தொப்புளுக்கு நேரே வந்து நின்றது.

நமுனுகுல மலையடியில், அவர் லீசுக்கு எடுத்திருந்த உருளைக்கிழங்குக் காணி அது. காலை ஆறரை மணி இருக்கும். பனி மூடிக் கிடந்தது. நாலு பாத்திக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. கரிமருந்து கருகிய வாசனை மட்டும் மூக்கில் ஏறியது.

இந்தப் பழைய துவக்குகளைத் தெரிந்தவர்களுக்கு என் நிலைமை புரியும். மருந்தைப் பற்றவைக்கிற கேப் வெடித்தும் துவக்கு வெடிக்கவில்லை என்றால், இனி வெடிக்காது என்று அர்த்தமில்லை. உள்ளே ஒரு பொறி புகைந்துகொண்டிருக்கலாம். அடுத்த நொடியிலும் வெடிக்கலாம், அரை நிமிஷம் கழித்தும் வெடிக்கலாம்.

"மாப்ள, கொழல அந்தப் பக்கம் திருப்புங்க" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"என்னது மச்சான்?"

"திருப்புங்க மாப்ள. மண்மேட்டுப் பக்கம். மெதுவா."

திருப்பினார். நான் மனதுக்குள் நூறு வரை எண்ணினேன். குளிரில் வியர்த்தது எனக்கு அன்றைக்குத்தான்.

ஒரு திருத்தம்

இந்தத் தொடரின் ஆரம்ப அத்தியாயம் ஒன்றில், என் வலது ஆள்காட்டி விரலில் உள்ள தழும்பைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். தங்கை புருஷனின் உயிரைக் காப்பாற்றிய விரல் என்று கொஞ்சம் மிதப்பாகவே எழுதியிருந்தேன். பசறையில் இருந்து ஒரு வாசகர், அந்தக் கதையை முழுதாக எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார். கடைக்கு வருகிற இரண்டு பேரும் கேட்டுவிட்டார்கள்.

எழுதியதில் பொய் இல்லை. பாதிதான் எழுதினேன். மிச்சப் பாதியை ஏழெட்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம்தான் சொன்னேன். இனி இங்கேயும் சொல்லிவிடுவதே மரியாதை.

கூரையில் ஓர் ஓட்டை

பதுளையில் எங்கள் கடை என்ன கடை என்று கேட்டால் சொல்வது கஷ்டம். தையல் மெஷின் வரும். தேயிலைக்கு மருந்தடிக்கும் பம்பு வரும். இப்போது புல்வெட்டும் மெஷின்தான் அதிகம். அப்பா காலத்தில் துவக்குப் பழுதுபார்க்க எடுத்த அனுமதியை நானும் புதுப்பித்துக்கொண்டே வந்தேன். அதனால் லைசென்ஸ் வைத்துப் பயிர் செய்கிற கமக்காரர்களின் வாய்வழி மருந்து போடுகிற துவக்குகளும் வரும்.

தோட்டாத் துவக்கு மாதிரி இது இல்லை. குழலின் வாயில் மருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை வைத்துக் கம்பியால் இடித்து, ஈயக் குண்டுகளான சன்னத்தைப் போட்டு, மறுபடி தும்பை வைத்து இடிக்க வேண்டும். குழலின் அடியில் வெளிப்பக்கமாக ஒரு சின்ன முளை இருக்கும். முளைக்குள் ஓர் ஊசித்துவாரம். அதன் தலையில் செப்புக் கேப்பைத் தொப்பி மாதிரி மாட்டுவார்கள். விசையை இழுத்தால் குதிரை சுத்தியல் போல விழுந்து கேப்பை அடிக்கும். அந்தத் தீப்பொறி துவாரத்தின் வழியே உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும்.

சாமான்கள் நாலுதான். ஆனால் நாலில் எது மக்கர் பண்ணினாலும் துவக்கு ஊமையாகிவிடும்.

ஒருமுறை பண்டாரவளைப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர், "வெறுந்துவக்குதான் ஐயா, மருந்து இல்ல" என்று சொல்லி ஒரு துவக்கை என் மேசையில் வைத்தார். குதிரையைச் சோதிக்கப் போனேன். என் கடைத் தகரக் கூரையில் தேங்காய் அளவுக்கு ஓட்டை விழுந்தது. முனைக் கடைக்காரர் கல்லாவைக்கூடப் பூட்டாமல் ஓடிவந்தார். அந்தக் கமக்காரருக்கு நான் விட்ட ஏச்சு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டது என்பார்கள்.

அன்றைக்கே ஒரு பலகையில் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டேன்: 'குழலுக்குள் கம்பி விட்டுப் பார்க்காமல் துவக்கைத் தொடக்கூடாது.' வெறுங்குழல் என்றால் கம்பி அடி வரைக்கும் போகும். ஒருதரம் மருந்து போட்டிருந்தால் ஒரு சாண் வெளியே நிற்கும். அதற்கு மேல் நின்றால் தொடாதே. ஒரு கம்பியும் ஒரு நிமிஷமும் போதும்.

ஏசுவது என் பிறவிக் குணம். பஜாரில் எனக்கு 'ஏச்சுக்கார முதலாளி' என்றே பெயர். வேலை சுத்தம், வாய் மட்டும்தான் மோசம் என்று என் முகத்துக்கு நேரே சொல்வார்கள். அதைப் பாராட்டு என்றே நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பன்றிகள் முந்திக்கொண்டன

பழனி மாப்பிள்ளை தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் நின்று, துரை சொன்ன மலைக்கு ஏறி, சாயந்தரம் லயத்து வீட்டுக்குத் திரும்புகிற வாழ்க்கை. அதை விட்டுவிட்டுச் சொந்தமாக மரக்கறி போடுகிறேன் என்று கிளம்பினார். கமலாவும் கூடவே நின்றாள். இரண்டு பேரும் அந்தக் காணியில் கிடந்து உழைத்தார்கள்.

கிழங்கு திரள ஆரம்பித்ததும் காட்டுப்பன்றிகள் வந்தன. விடியற்காலையில் ஒரு கூட்டம் இறங்கினால் மூன்று பாத்தி காலி. பயிர்க் காவலுக்கு என்று முறையாக எழுதிக்கொடுத்து, அலைந்து திரிந்து, ஒரு பழைய துவக்குக்கு லைசென்ஸ் வாங்கினார் மாப்பிள்ளை. குதிரையை விசையோடு விழவைக்கிற ஸ்பிரிங், அதாவது வில், தளர்ந்திருந்ததால் என் கடையில் கொண்டுவந்து போட்டார். புது வில் போட்டு, இறுக்கமாக்கி, சரஸ்வதி பூசை முடிந்த மறுவாரம் கொடுத்தனுப்பினேன்.

நாலே நாளில் போன் வந்தது. "துவக்கு வெடிக்கலீங்க மச்சான். ஒருக்கா வந்து பாக்க ஏலுமா?"

என் கையால் சரிபார்த்துக் கொடுத்த சாமான் வேலை செய்யவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது. அடுத்த நாள் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இறங்கியதுமே ஏச ஆரம்பித்தேன். மருந்தை எங்கே வைத்தீர்கள், மழையில் நனைத்தீர்களா, குழலுக்குள் தேங்காய் எண்ணெய் ஊற்றினீர்களா? பனி இறங்குகிற ஊரில் துரு பிடிக்கும் என்று பயந்து ஆட்கள் எண்ணெயைக் குழலுக்குள்ளேயே ஊற்றிவிடுவார்கள். அது வழிந்துபோய் மருந்தைச் சேறாக்கிவிடும். மாப்பிள்ளை ஒவ்வொரு கேள்விக்கும் வாயைத் திறந்தார். ஒன்றுக்கும் பதில் சொல்ல நான் விடவில்லை. கடைசியில் அவர், "நீங்களே பாருங்க மச்சான்" என்று துவக்கைத் தோளில் வைத்து விசையை இழுத்தார்.

அப்போதுதான் குழல் என் தொப்புளைப் பார்த்தது.

முளைக்குள் ஒரு வாசனை

நூறு எண்ணி முடித்ததும் துவக்கை வாங்கினேன். வாயை மண்மேட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கேப்பில் குறையில்லை. நனைந்த கேப் என்றால் சத்தமே வராது, இது சுத்தமாக வெடித்தது. குதிரையும் நன்றாக அடிக்கிறது. வில் நான் போட்டது, குறை சொல்ல முடியாது. சில நேரம் கேப் முளையில் முழுதாக உட்காராது. முதல் அடியில் உட்கார்ந்து இரண்டாவது அடியில் வெடிக்கும். அதுவும் இல்லை. ஆக, பொறி பிறக்கிறது, ஆனால் உள்ளே போகவில்லை.

"எண்ணெய்தான் மாப்ள. நான்தான் சொன்னேனே."

"உள்ளுக்கு ஊத்தலீங்க மச்சான். வெளியில மட்டுந்தான் தொடச்சேன்."

"அப்ப எண்ணெய் நடந்தா போச்சு?"



முளையைச் சாவி போட்டுக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ஊசித்துவாரத்தில் வெளிச்சம் தெரியவில்லை. பையில் இருந்து தையல் மெஷின் ஊசி ஒன்றை எடுத்துக் குத்தினேன். கல் மாதிரி இருந்தது. திருகித் திருகிக் குத்தியதும் பொடியாக உதிர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது.

கரி இல்லை. துரு இல்லை. எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. மேலே கொஞ்சம் கருகி, உள்ளே வெளிர் மஞ்சளாக இருந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். சந்தனம்.

அந்த நொடியே எல்லாம் தெரிந்துவிட்டது. சரஸ்வதி பூசையன்று கடையில் உள்ள எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது வழக்கம். தராசு, குறடு, வைஸ், தையல் மெஷின், திருத்த வந்த மருந்துப் பம்பு, யாருடைய சாமான் என்றெல்லாம் பார்ப்பதில்லை. அந்த வரிசையில் மாப்பிள்ளையின் துவக்கும் இருந்தது. சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு போனவன் நான்தான். துவக்குக்கு எங்கே பொட்டு வைப்பது? நெற்றி மாதிரி எடுப்பாக இருந்தது முளைதான். குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். இரண்டு நாள் கழித்து எண்ணெய்த் துணியால் துடைத்தேன். வெளியே இருந்ததுதான் போனது, துவாரத்துக்குள் இறங்கியது அங்கேயே தங்கிவிட்டது. காய்ந்து இறுகிவிட்டது.

இந்தப் பிழையைச் செய்ய எங்களைப் போன்ற பக்தியுள்ள பழுதுபார்ப்பவர்களால்தான் முடியும்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "என்னங்க மச்சான் அது?"

உள்ளங்கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டேன்.

"அழுக்கு" என்றேன்.

அவ்வளவு சின்னச் சொல். அரைமணி நேரமாக அவரை எண்ணெய், மழை என்று ஏசிக்கொண்டிருந்தவனுக்கு, 'என் தப்பு மாப்ள' என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் அவசரம் வந்தது. அவசரத்தில்தான் அந்தப் பலகையை மறந்தேன்.

குழலுக்குள் கம்பி விட்டுப் பார்க்கவில்லை. என் மாப்பிள்ளையின் துவக்கு, நானே திருத்திக் கொடுத்தது, ஒருதரம் மருந்து போட்டிருக்கிறார், இதில் என்ன பார்க்க இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். முளையைத் திரும்பப் பூட்டி, புதுக் கேப்பை மாட்டி, அவர் கையில் கொடுத்தேன்.

"அந்த மேட்டப் பாத்து அடிங்க. இப்ப வெடிக்கும்."

தேத்தண்ணி வந்தது

மாப்பிள்ளை குதிரையைப் பின்னுக்கு இழுத்தார். துவக்கைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கமலா ஒரு கையில் பிளாஸ்கும் மறு கையில் கோப்பைகளுமாகப் பாத்தி ஓரமாக வந்துகொண்டிருந்தாள்.

"நேத்து ரெண்டு தரம் மருந்து போட்டே வெடிக்கல. இன்னைக்கு வெடிக்குமாக்கும்" என்றாள். புருஷனைக் கிண்டல் பண்ணுகிற குரல்தான்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "ரெண்டு தரமா?"

"மொத தரம் வெடிக்கலன்னு மேல இன்னொருக்கா போட்டு இடிச்சாரே. ஏன், ஒங்ககிட்ட சொல்லலயா?"

ஒரு மருந்துக்கே தாங்குமா என்று பார்க்க வேண்டிய பழைய குழல். அதற்குள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மருந்து, இரண்டு பிடி சன்னம். நேற்றில் இருந்து அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்தச் சந்தன அடைப்புத்தான். அதையும் நான் இப்போதுதான் குத்தி எடுத்திருந்தேன். விசையில் விரல் பட்டால் குழல் அவர் கன்னத்தருகே கிழியும்.

"மாப்ள. வெரல விசையில இருந்து எடுங்க."

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். விரலை எடுத்தார். ஆனால் குதிரை பின்னால் இழுபட்டு நிற்கிறது, அதைப் பிடித்து நிறுத்துகிற உள்கொக்கியோ தேய்ந்த பழசு, எந்த நொடியும் நழுவலாம். கேப் முளையில் இருக்கிறது.

"மெதுவா எறக்கவா மச்சான்?"

"எறக்காதீங்க. பெருவெரலால குதிரையப் புடிச்சுக்கிட்டே நில்லுங்க. நான் வாரேன்."

கமலா அசையவில்லை. பிளாஸ்கை அணைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள். நான் பக்கவாட்டில் அவரிடம் போனேன். ஏழெட்டு அடிதான். ஈர மண்ணில் என் செருப்பு வழுக்கியது, கழற்றிவிட்டுப் போனேன். பனி பட்டு இரும்பு ஈரமாக இருந்தது. அந்தப் புது வில்லை எவ்வளவு இறுக்கமாகப் போட்டேன் என்று எனக்குத்தானே தெரியும். கடையில் போட்டபோது, பார் எப்படி நிற்கிறது என்று பெருமைப்பட்டிருந்தேன்.

"வழுக்குது மச்சான்" என்றார். அழுகிற குரல்.

குதிரைக்கும் முளைக்கும் நடுவே என் ஆள்காட்டி விரலை நுழைத்தேன். நுழைத்ததும் அவர் பெருவிரல் வழுக்கியது. குதிரை விழுந்தது.

வலி பிறகுதான் வந்தது. முதலில் வெடிச் சத்தம் வருகிறதா என்றுதான் காது கொடுத்தேன். வரவில்லை. நகத்தோடு சேர்த்து எலும்பு வரைக்கும் கடித்துக்கொண்டு குதிரை என் விரலில் நின்றது. மாப்பிள்ளை இரண்டு கையாலும் அதைப் பின்னுக்கு இழுத்தார். இடது கை நகத்தால் கேப்பைத் தட்டிவிட்டேன். அது கிழங்குப் பாத்திக்குள் எங்கோ விழுந்தது.

மாப்பிள்ளை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

யார் தப்பு

கமலா தன் சேலைத் தலைப்பைக் கிழித்து என் விரலைச் சுற்றினாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். இந்தச் சனியனை வெறுமையாக்காமல் நகர மாட்டேன் என்றேன். முளைத் துவாரத்தின் வழியே தண்ணீர் விட்டு மருந்தை ஊறவைத்தேன். பிறகுதான் கம்பியை விட்டேன். ஒரு சாண் நிற்க வேண்டிய கம்பி இரண்டு சாண் நின்றது. திருகுமுனைக் கம்பியால் தும்பை இழுத்தேன். தும்பு, சன்னம், கறுப்புச் சேறு. மறுபடியும் தும்பு, சன்னம், கறுப்புச் சேறு.

கமலா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது யாரு தப்புண்ணே?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. பள்ளிக்கூடத்தில் பிரம்புக்குக் காத்திருக்கிற பிள்ளையின் பார்வை.

"ஒண்ணுக்கு மேல ஒண்ணு போட்டது அவருதானேம்மா" என்றேன்.

உண்மைதான். ஆனால் முதல் மருந்து ஏன் வெடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு தரம் போட்டதை முன்கூட்டியே என்னிடம் சொல்ல அவருக்கு ஏன் வாய் வரவில்லை என்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். "என் தப்புதாங்க மச்சான்" என்றார்.

ஆஸ்பத்திரியில் நாலு தையல். அந்த வாரமே கமலா பிடிவாதமாகத் துவக்கைப் பொலிசில் ஒப்படைக்க வைத்தாள். லைசென்ஸ் போயிற்று. அடுத்த இரண்டு போகமும் பன்றிக்குத்தான் விளைந்தது. காணியை விட்டார்கள். மாப்பிள்ளை இப்போது பண்டாரவளையில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றுகிறார். நான் கடையில் உட்கார்ந்து விரலைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பலாப்பழம்

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பதுளையில் இருந்து ஒரு பலாப்பழம் கொண்டுபோயிருந்தேன். வெட்டுங்கள் மாப்ள என்று கத்தியை அவரிடம் நீட்டினேன்.

கமலா குறுக்கே வந்து கத்தியை வாங்கிக்கொண்டாள். "அவருகிட்ட குடுக்காதீங்கண்ணே. அவருக்குக் கையில நிதானம் இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டு, "கேஸ் அடுப்பக்கூடப் பத்தவைக்க வுட மாட்டாங்க மச்சான்" என்றார். அதுவும் பழகிப்போன சிரிப்பு. நாள் முழுக்க மூட்டை தூக்குகிற மனுஷன், சொந்த வீட்டில் தீப்பெட்டி தொட முடியாமல் இருக்கிறார்.

எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பூசை, சந்தனம், சாரத்தில் துடைத்தது, அழுக்கு என்று சொன்னது, கம்பி விட்டுப் பார்க்காதது. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "வுடுங்க மச்சான், பழைய கதை" என்றார். எழுந்து வெளியே போய் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

கமலா பழத்தை வெட்டுவதை நிறுத்தவில்லை. சுளைகளைப் பிரித்துத் தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்தினாள். அப்புறம் கேட்டாள்.

"அன்னைக்கு அது வெடிச்சு இவரு செத்திருந்தா, யாரு தப்புன்னு சொல்லியிருப்பீங்கண்ணே?"

"தெரியலம்மா" என்றேன்.

தெரியும். அவர் தப்பு என்றுதான் சொல்லியிருப்பேன். செத்த வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம், ஒரு மருந்தின் மேல் இன்னொரு மருந்து போட்டால் என்ன ஆகும் என்று பொறுமையாக விளக்கியிருப்பேன். அவளும் என்னை நம்பியிருப்பாள்.